மல்லாட்டைப் பாட்டு

நண்பனின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்கிள், அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மைக் செட் நீங்க தான்" என்றபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்து அவன் சொன்னதுதான் குழப்பத்தைத் தொடங்கி வைத்தது.

"காலையில ஓமம், மேளம் எல்லாம் இருக்குது. சாயந்தரம் ரிசப்ஷனுக்கு ஓல்டு சாங்ஸ் மட்டும் போதும். அப்பா காலத்துப் பாட்டு. வாட்ஸப்புல அனுப்புறேன் அங்கிள்."

பழைய பாட்டு என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் சவுண்டு சர்வீஸ் கடை வைத்தே என் தலைமுடி பாதி கொட்டிவிட்டது. காதுகுத்துக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று, கோயில் கொடியேற்றத்துக்கு ஒன்று என்று எந்த இடத்தில் எதைப் போட வேண்டுமோ அது கை தானாகப் போடும். பழைய பாட்டு என்றால் கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டு. பெரியவர்கள் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையை மடித்தபடி தலையாட்டுவார்கள். அதை நினைத்துக்கொண்டுதான் சரி என்றேன்.

அன்று மத்தியானம் அவன் அனுப்பியதைத் திறந்தேன். முதல் பாட்டில் எலெக்ட்ரிக் கிடார் அலறியது. தவறாக அனுப்பிவிட்டான் போலிருக்கிறது என்று அடுத்ததைத் திறந்தேன். அதிலும் டிரம்ஸ் இடி. கடைசி வரை அப்படித்தான். எல்லாமே இங்கிலீஷ் ராக். எல்லாமே நானும் அவன் அப்பாவும் கேசட் தேயத் தேயக் கேட்டு, காதாலேயே பிடித்து வாசித்த பாட்டுகள். அவற்றின் மேல் அந்தப் பையன் போட்டிருந்த தலைப்பு, 'தாத்தா பாட்டிகளுக்கான இனிய மாலை'.

அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். "தம்பி, இதெல்லாம் பழைய பாட்டாப்பா?"

"அங்கிள், நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு. இதவிட எப்படிப் பழசா இருக்கறது?"

அவன் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். "நீங்களும் அப்பாவும் சொந்தமா ஒரு பாட்டு போட்டீங்க இல்ல? அத மேடையில வாசிக்கணும். சர்ப்ரைஸ். அப்பாவுக்குச் சொல்லிடாதீங்க. சின்ன வயசுல அதப் பாடித்தான் என்னைத் தூங்க வெப்பாரு."

இதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாட்டைப் பாடி எந்தக் குழந்தையையும் தூங்க வைக்க முடியாது.

அந்தப் பாட்டு பிறந்தது என் நண்பனின் வீட்டுப் பின்னறையில். அது பட்டு நெய்கிற வீடு. கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். நானோ பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து வந்து போகிறவன். என் தாத்தா காலம் வரை பிறர் நிலத்தில் உழைத்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிடார் வாசித்துப் பழகியிருந்தேன். பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. அவன் பாடினான், நான் பேஸ் கிடார். இன்னொருவன் கிடார், இன்னொருவன் டிரம்ஸ். தறிச் சத்தம் இருந்ததால் அந்த வீட்டில் எங்கள் சத்தமும் கரைந்துவிடும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். கரையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நண்பனின் அம்மா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பார்கள். உள்ளங்கையால் சுவரைத் தட்டி, "சத்தத்தக் கொறைங்கப்பா, மண்ட காயுது" என்பார்கள். கொஞ்ச நேரம் குறைப்போம். பிறகு பழையபடி.

அவன் அப்பா அவனைத் தறியில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்த காலம். காலையில் சொல்வார், சாப்பிடும்போது சொல்வார். ஒருநாள் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். அன்று கோபத்தோடு பின்னறைக்கு வந்தவன் கண்கள் சிவக்க ஒரு பாட்டை எழுதினான். இங்கிலீஷில் எழுதினான், அப்பாவுக்குப் புரியக்கூடாது என்று. எங்கள் இங்கிலீஷ் எங்களுக்கே அரைகுறைதான். 'டோன்ட் டெல் மீ வேர் டு கோ' என்று தொடங்கும். நான் எங்கே போக வேண்டும் என்று எனக்குச் சொல்லாதே. அதையே நாலு முறை தொண்டை கிழியக் கத்துவான். மற்ற வரிகளும் அதே சூடுதான்.

கல்லூரி விழாவில் வாசித்தோம். பாதியில் முதல்வர் எழுந்து போனார். எங்கள் ஊர்க் கிறிஸ்துமஸ் விழாவில், பாட்டை மாற்றிக்கொள்கிறோம் என்று சொல்லி மேடை ஏறி, மாற்றாமலே வாசித்தோம். யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள். நாங்கள் வாசித்த எந்த இடத்திலும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லாத ஆள் இல்லை. அதுவே எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது.

பிறகு வழக்கம்போல எல்லாம் ஆனது. டிரம்ஸ்காரன் ஓசூருக்குப் போனான். கிடார்க்காரன் வளைகுடாவுக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ போனான். நண்பன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலைக்குச் சேர்ந்தான். தறியை அவன் தம்பி எடுத்துக்கொண்டான். இன்றும் நன்றாக நடத்துகிறான். எனக்கு ஒலிபெருக்கிகள் மட்டும் மிஞ்சின. அதுவே பிழைப்பாயிற்று.

பையன் சொன்ன சர்ப்ரைஸைக் காப்பாற்றிக்கொண்டே ஆழம் பார்க்கலாம் என்று நண்பனின் வீட்டுக்குப் போனேன். மண்டபத்தில் ஸ்பீக்கர் எங்கே வைப்பது என்று பேசுவதுபோலப் பேச்சைத் தொடங்கினேன்.

"சாயந்தரம் இன்னா பாட்டுடா போடட்டும்?"

"பழைய பாட்டு போடுடா. காதுக்கு இதமா இருக்கணும்."

"பழசுன்னா எது?"

"இன்னாடா கேக்கற. எங்கப்பா ரேடியோவுல கேட்டுக்கினு இருப்பாரே, அந்தப் பாட்டு."

அப்பா அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது குறுக்கே போய் ரேடியோவின் காதைத் திருகியவன் இவன். நான் மெதுவாக, "நாம வாசிச்சமே, அதுங்களும் இப்ப பழைய பாட்டு ஆயிடுச்சுன்றாங்க" என்றேன்.

அவன் மனைவி இருந்த அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அது எப்படிடா பழசாவும்? அது வயசுப் பசங்க கேக்கறது. அறுபதாம் கல்யாணத்துல அதப் போட்டா சிரிப்பாங்க. சொந்தக்காரங்கல்லாம் வராங்கடா."

மகனுக்கு அது கிழவர்கள் பாட்டு. அப்பாவுக்கு அது பையன்கள் பாட்டு. நடுவில் சவுண்டு மிக்ஸரோடு நான். வீடு திரும்பி என் மனைவியிடம் கேட்டேன். "ரெண்டையும் மாத்தி மாத்திப் போடு, யாரு கவனிக்கப் போறாங்க" என்றாள். நியாயமான யோசனை. ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பாட்டுகளை நான் கடையில் தனியாக இருக்கும்போது கேட்கிறேன். கேட்கும்போது அவை பழையவை என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. என்றைக்கு, யாரைக் கேட்டு அவை பழசாயின? நான் கடையில்தானே இருந்தேன், எனக்குத் தெரியாமல் எப்படி நடந்தது?

அறுபதாம் கல்யாணம் நன்றாக நடந்தது. காலையில் கலசத் தண்ணீர் ஊற்றி, நண்பன் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்று, மனைவிக்கு மறுபடி தாலி கட்டினான். சாயந்தரம் ரிசப்ஷன். என் மனைவி சொன்னபடியே மாற்றி மாற்றிப் போட்டேன். அவன் அப்பா காலத்துப் பாட்டு ஒன்று, எங்கள் காலத்துப் பாட்டு ஒன்று.

முதல் ராக் பாட்டு தொடங்கியபோது கை பழக்கத்தில் சத்தக் குமிழுக்குப் போயிற்று. யாராவது திரும்பி முறைப்பார்கள், உடனே குறைக்க வேண்டும். யாரும் திரும்பவில்லை. பந்திக்குக் காத்திருந்த பெண்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "மியூசிக் செம ரிலாக்ஸிங்கா இருக்குதுல்ல" என்றாள். ஸ்பீக்கருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த மாகறலிலிருந்து வந்த ஒருவர், நண்பனுக்கு மாமா முறை, வாயைத் திறந்து தூங்கிவிட்டார். நான் கொஞ்சம் கூட்டினேன். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஐஸ்கிரீம் கொடுக்கும் ஆள் என்னிடம் வந்தான். குறைக்கச் சொல்லப் போகிறான் என்று நான் ஏறக்குறைய ஆசையோடு அவனைப் பார்த்தேன். "அண்ணே, உங்களுக்கு வெனிலாவா, பட்டர்ஸ்காட்சா?" என்றான்.

அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது எனக்கு அவமானம் மாதிரி ஒன்று வந்தது. ஒயரைப் பிடுங்க வைத்த இசை அது.

பிறகு பையன் மேடையேறி மைக்கைப் பிடித்தான். அப்பாவும் இந்த அங்கிளும் அந்தக் காலத்தில் ஒரு பேண்டு வைத்திருந்தார்கள் என்று அறிவித்தான். கூட்டம் நண்பனைப் பார்த்தது. மாலையும் கழுத்துமாக நின்றிருந்தவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நட்பு இல்லை. நான் மிக்ஸருக்குக் கீழே வைத்திருந்த பேஸ் கிடாரை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். வேறென்ன செய்வது, ஒப்புக்கொண்டாகிவிட்டது.

"எனக்கு வார்த்தையே நெனப்பில்லடா" என்றான் காதோரம்.

"நான் ஆரம்பிக்கறேன். தானா வரும்."

ஆரம்பித்தேன். விரல்கள் மறக்கவில்லை. முதல் சுற்று போனது, இரண்டாவது போனது. அவன் மைக்கை வாய்க்கருகே கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தான். மூன்றாவது சுற்றில்தான் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த, நடுக்கமான, ஆனால் தாளம் தப்பாத குரல். முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நண்பனின் அம்மா. எண்பதைத் தாண்டியவர்கள். தொடையில் தட்டிக்கொண்டு, எங்கள் பாட்டைப் பாடினார்கள்.

"தோண்டலாமே, வேரத் தூக்கு. தோண்டலாமே, வேரத் தூக்கு."

டோன்ட் டெல் மீ வேர் டு கோ. எனக்குப் புரிய ஒரு சுற்று ஆயிற்று. மெட்டு அச்சாக எங்களுடையது. நண்பன் தொண்டை கிழியக் கத்திய இடத்தில் அவர்கள் குரலை இறக்கி, தொட்டில் ஆட்டுகிற மாதிரி இழுத்தார்கள். கூட்டத்தில் இரண்டு பெண்கள் கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தார்கள். பையன் மேடையிலிருந்து இறங்கிப் பாட்டியின் பக்கத்தில் போய் நின்று, "ஆயா, என்னைத் தூங்க வெக்கப் பாடினது நீ தானா?" என்று கேட்டது அவன் கையிலிருந்த மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

நண்பன் கடைசிவரை ஒரு வரியும் பாடவில்லை. அம்மா பாடி முடித்தார்கள், நான் வாசித்து முடித்தேன். எல்லோரும் தட்டினார்கள்.

பந்தியில் அம்மா, நண்பன், பையன், நான் என்று நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பையன்தான் முதலில் பேசினான். "அப்பா, நீ தானே என்னைத் தூங்க வெப்ப? நல்லா ஞாபகம் இருக்குதே."

"நான் எப்படா உன்னைத் தூங்க வெச்சேன்? எனக்கு ஷிஃப்டு. நான் வரும்போது நீ தூங்கிக்கினு இருப்ப."

பையன் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தான். தன் நினைவில் இருந்த அப்பாவை எடுத்துவிட்டு அங்கே ஆயாவை உட்கார வைக்க அவனுக்குச் சிரமமாக இருந்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, அந்தப் பாட்டு உங்களுக்குப் புடிக்குமா?"

"புடிக்குமான்னு யாருப்பா கேட்டாங்க. செவுத்துக்கு அந்தாண்ட தெனிக்கும் கேட்டுக்கினு நூல் சுத்தினேன். ஒட்டிக்கிச்சு. இவன் பையன் அழுவும்போது வேற எதுவும் வாயில வரல, அதான் வந்துச்சு." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார்கள். "அது மல்லாட்ட புடுங்குற பாட்டு தானே? தோண்டுறதும் வேரத் தூக்குறதும். பாட்டு நல்ல பாட்டு தான். மல்லாட்டைக்கு ஏம்ப்பா அவ்ளோ கோவமா கத்தினீங்க? அது தான் எனக்கு இன்னிக்கும் புரியல."

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. நான் நண்பனைப் பார்த்தேன். அவன் இலையைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவனே சொன்னான்.

"மல்லாட்ட இல்லம்மா. அது இங்கிலீஷு. நான் எங்க போவணும்னு எனக்குச் சொல்லாதேன்னு அர்த்தம்."

"யாருக்குச் சொன்ன?"

"அப்பாவுக்கு. உனக்கும்தான்."

அம்மா இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கினார்கள். கோபித்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். "நான் எப்ப உனக்குச் சொன்னேன்?" என்றார்கள் பிறகு, சாதாரணமாக. "எனக்கு தான் எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க. இப்படிப் போ, அப்படிப் போன்னு." ரசம் கொண்டுவந்த பையனிடம் கையைக் காட்டி, "கொஞ்சமா ஊத்துப்பா" என்றார்கள்.

அதற்குமேல் அந்தப் பேச்சு ஓடவில்லை. பாயசம் வந்தது.

குழப்பம் அங்கே முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா பாடியதைப் பையன் கைபேசியில் படமெடுத்து, 'ஆயாவின் மல்லாட்டைப் பாட்டு' என்று இணையத்தில் போட்டுவிட்டான். நிறையப் பேர் பார்த்தார்கள் என்றான். சில நாள் கழித்து எனக்கு ஒரு அழைப்பு. வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவராம், பையனிடம் என் நம்பரை வாங்கினாராம். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"ஐயா, அந்த அம்மா பாடின மல்லாட்டைப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு தானே? எந்தப் பக்கம் பாடறது? அறுவடையில பாடறதா, விதைக்கும்போதா? ரொம்பத் தொன்மையா இருக்குது."

நான் சொல்ல வாயெடுத்தேன். இது நாங்கள் பாலிடெக்னிக்கில் படிக்கும்போது போட்ட ராக் பாட்டு சார் என்று. வாய் வரைக்கும் வந்தது, ஆனால் அதைச் சொல்லும்போதே பொய் சொல்வதுபோல இருக்கும் என்று தோன்றிவிட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நேரே நண்பனின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "தொன்மையாமா?" என்றான். "டேய், வா, ஒழுங்கான வார்த்தையோட பாடி நாமளே ஒருதபா ரெக்கார்டு பண்ணிடலாம். இல்லன்னா இது இப்படியே போயிடும்." மண்டபத்தில் ஒரு வரி பாடாதவன் இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

கடைக்கு வந்தோம். கிடாரை எடுத்தேன். டோன்ட் டெல் மீ வேர் டு கோ என்று நாலு முறை பாடினான். குரல் அவ்வளவு மோசமில்லை. அதற்கு அடுத்த வரியில் நின்றான். நானும் யோசித்தேன். அடுத்த வரி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. எழுதிய காகிதம் அப்போதே போய்விட்டது. ஓசூர்க்காரனுக்குப் போன் செய்தோம். "மச்சான், நான் டிரம்ஸு. நான் எப்படா வார்த்தையக் கேட்டேன்?" என்றான். அதுவும் நியாயம்தான். கிடார்க்காரனின் நம்பர் எங்கள் இருவரிடமும் இல்லை.

பாட்டு முழுக்கத் தெரிந்த ஆள் இன்று உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் வந்ததும் சத்தத்தை நிறுத்தி, நாங்கள் கேட்டபடி பாடிக் காட்டினார்கள். முதல் வரி, வேரத் தூக்கு. அடுத்தது, "மாமா வெச்ச நாயிட்டு வாளி."

"நாயிட்டு, நைட்டுடா" என்றான் நண்பன். "அது சரியா வருது. வாளின்னா?"

"வேலியா இருக்கும். பள்ளத்தாக்கு. வேலின்னுதானே இங்கிலீஷ்ல?"

"நாம பள்ளத்தாக்க எங்கடா பார்த்தோம்? பாலாத்துக்கு அந்தாண்ட போனதில்ல."

"ஒர்ரி. கவலை."

"அப்ப மாமா யாரு?"

எனக்குத் தெரியவில்லை. எழுதியவன் அவன். அவனுக்கே தெரியவில்லை. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "மாமா நாயிக்கு வாளி வெச்சாரு. இதுல இன்னாப்பா புரியல?" என்றார்கள்.

அவர்கள் சொன்ன மாதிரி கேட்டால் எல்லாம் புரிந்தது. கொல்லையில் ஒரு மாமா, ஒரு நாய், ஒரு வாளி, மல்லாட்டைச் செடி. எங்களுடைய மாதிரி கேட்டால்தான் எதுவும் பிடிபடவில்லை. உள்ளே எங்கோ எங்கள் கோபம் இருக்கிறது என்று தெரிகிறது, கை வைத்தால் வாளி வருகிறது. நண்பன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான். இளைஞனாக இருந்தபோது பாடுவதற்குமுன் அப்படித்தான் நிற்பான். ஆனால் அவன் தேடியது அவன் எழுதியதையா, அம்மாவின் வரியையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனைக் கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

"இன்னொரு தபா பாடும்மா, மெதுவா" என்றான்.

"சீரியல் போட்டுடுவான், சீக்கிரம் கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அம்மா முதலிலிருந்து பாடினார்கள்.